ஆறு அச்சுகள் உடைந்த காரணம்

ஃப்ரீஸ்லாந்தின் வேனர் ஊரில் ஸாட்ஹோஃப் செயற்கைப் பல் செய்கூடத்தின் பின்கட்டில் ஹாபோ உல்ஃபெர்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தது 1963 ஏப்ரல் முதல் தேதி, திங்கட்கிழமை. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அந்தப் பின்கட்டு அதற்கு முன் குதிரை லாயமாக இருந்தது. உலையின் சூடும் புகையும் முன்கட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகப் பழைய முதலாளி லாயத்தைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து வார்ப்பு அறையாக மாற்றியிருந்தார். நடுவில் பதினான்கு மீட்டர் முற்றம். முன்கட்டில் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து மெழுகு செதுக்கினார்கள், பீங்கான் பூசினார்கள், வானொலி கேட்டார்கள். பின்கட்டில் ஹாபோ மட்டும். முப்பத்தாறு வருடமாக இப்படித்தான்.

வேலை இன்னது: இம்கே என்ற பெண் முன்கட்டிலிருந்து மெழுகில் செதுக்கிய பல்லைக் கொண்டுவந்து கொடுப்பாள். ஹாபோ அதை ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள் நிறுத்தி, பொடியையும் திரவத்தையும் காற்றில்லாமல் குழைத்து ஊற்றுவார். கலவை இறுகியதும் வளையத்தை உருவிவிட்டால் உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை உருளை ஒன்று நிற்கும். அதுதான் அச்சு. அதை உலைக்குள் வைத்தால் மெழுகு உருகி எரிந்து போகும். பல்லின் வடிவம் மட்டும் உள்ளே பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் உலோகத்தை ஓடவிட வேண்டும். அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் விரிசல் வழியே தகடாகப் பரவிவிடும். பல் இருக்க வேண்டிய இடத்தில் மீன் துடுப்பு போல ஒன்று கிடைக்கும். மெழுகும் போயிருக்கும், முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

அச்சு உடையாமல் பார்த்துக்கொள்வதில் ஹாபோவுக்குக் கெட்டிக்காரர் என்ற பெயர் இருந்தது. கெட்டிக்காரத்தனம் என்று அதில் ஒன்றும் இல்லை, எழுதி வைப்பதுதான் என்பார் அவர். பொடி எந்தச் சிப்பத்திலிருந்து எடுத்தது, எத்தனை கிராம், திரவம் எத்தனை மில்லிலிட்டர், அதன் சூடு என்ன, அறையின் சூடு என்ன, மெழுகுக்கும் வளையச் சுவருக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர், உலைக்குள் வைப்பதற்கு முன் அச்சின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி நீராவிக்கு வழி விட்டாயிற்றா இல்லையா, எல்லாவற்றுக்கும் பத்திகள் உண்டு, அச்சுக்கு ஒரு தாள். வீட்டிலும் அப்படித்தான். மழையின் அளவு, மின்சார மீட்டர், ஆற்றுமேட்டில் முதல் வாத்து வந்த தேதி. அவர் மனைவி ஃப்ரௌகே 1984ல் ஓல்டன்பர்க்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. "பேசாத மனுஷனோட வாழ்ந்துடலாம் ஹாபோ. பேசாத நாளையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிற மனுஷனோட முடியல" என்று மட்டும் சொன்னாள். அந்த வாக்கியத்தையும் அவர் அன்றைய தேதியில் எழுதி வைத்திருக்கிறார்.

1996ல் சீக்கிரப் பொடி வந்தது. பழைய பொடியில் வார்த்த அச்சை இரவெல்லாம் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். புதிய பொடியில் அன்றே பல் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. கலக்கத் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் அச்சை நேராக எண்ணூற்றைம்பது டிகிரி உலைக்குள் வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அச்சு தன் சொந்தச் சூட்டின் உச்சியில் இருக்கும், ஈரத்தோடும் இளகிய உள்ளத்தோடும் இருக்கும். நீராவி எந்த வழியாவது வெளியேறிவிடும். அந்த நேரம் தப்பினால் அச்சு ஆறி, இறுகி, மூடிக்கொள்ளும். அதன்பின் அந்தச் சூட்டில் திணித்தால் நீராவி உள்ளிருந்தே உடைக்கும்.

மூன்று வருடத்தில் ஹாபோ ஒரு தடவைகூட இருபதைத் தவறவிட்டதில்லை. இம்கே மெழுகைக் கொண்டுவரும்போது மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கலக்கத் தொடங்குவார். மணிக்கடிகாரத்தைத் திருகி வைப்பார். மூன்று மணிக்குத் தேநீர். ஃப்ரீஸ்லாந்தில் மூன்று மணித் தேநீரை எந்த உலையும் தள்ளிப்போட முடியாது. கற்கண்டைக் கோப்பையில் போட்டு, அது படபடவென்று வெடிக்கும்படி சூடான தேநீரை ஊற்றி, ஓரமாகப் பாலேட்டை விட்டு, கலக்காமல் குடிப்பது. மூன்று கோப்பை. ஹாபோ தனியாக இரண்டு கோப்பை குடிப்பார், மூன்றேகாலுக்கு மணி அடிக்கும், எழுந்து போய் அச்சை உலைக்குள் வைப்பார், திரும்பி வந்து மூன்றாவதைக் குடிப்பார். தனியாக இருப்பவன் நடுவில் எழுந்து போவதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

தாலேயா பொப்பிங்கா வந்தது 1999 வசந்தத்தில். டிட்ஸும் என்ற மீனவ ஊர்க்காரி, ஐம்பத்தைந்து வயது. கணவன் இறந்ததும் இறால் படகை விற்றுவிட்டு, செய்கூடத்தின் வண்டியை ஓட்ட வந்தாள். பல் மருத்துவர்களிடமிருந்து நோயாளிகளின் பல் அளவுகளை வாங்கி வருவதும், முடிந்த பற்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வேலை. செவ்வாயும் வியாழனும் அவளுடைய வண்டி மூன்று மணிக்கு முற்றத்தில் வந்து நிற்கும். ஐந்து மாதம் அவள் முன்கட்டோடு போய்விட்டாள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை பின்கட்டின் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"மோய்ன். இங்க தேத்தண்ணி வாசம் வருது."

"மோய்ன்" என்று அந்த ஊர் வணக்கத்தைத் திருப்பிச் சொன்னார் ஹாபோ. "தேத்தண்ணிதான்."

"முன்னால எல்லாம் காப்பி மெஷின் வச்சுருக்காங்க. மூணு மணிக்குக் காப்பி குடிக்கிற கூட்டத்தோட எங்கம்மா என்னை உக்கார விடமாட்டா. இன்னொரு கோப்பை இருக்கா, இல்ல என் வாயை ஏந்தணுமா?"

இன்னொரு கோப்பை இருந்தது. பழைய முதலாளி விட்டுப்போனது. ஹாபோ அதைக் கழுவித் துடைத்து வைத்தார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் அவள் வந்தாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. எந்த மருத்துவர் வீட்டு வரவேற்பறையில் மீன் செத்து மிதக்கிறது, எந்தத் தாதி யாரோடு பேசுவதில்லை, எம்ஸ் ஆற்றுப் பாலம் எந்தக் கப்பலுக்காக எவ்வளவு நேரம் தூக்கி நின்றது, இவைதான்.

"நேத்து எவ்வளவு மழைங்க ஹாபோ?"

"பதினொண்ணு புள்ளி நாலு மில்லிமீட்டர்."

"என் தலையில மட்டும் இருபது. உங்க மழைமானியை நம்ப முடியாது."

"மானி சரியாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு ஊர்ல நனைஞ்சிருப்பீங்க."

அவள் சிரித்தாள். ஹாபோ சிரிக்கவில்லை, ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது, தான் சொன்னது சிரிப்பாக இருந்திருக்கிறது என்று யோசித்தபடியே சைக்கிள் மிதித்தார். திங்கள், புதன், வெள்ளி நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் இம்கேயிடம் சொல்லும் "மோய்ன்", "சரி", "அஞ்சு மணிக்கு" ஆகியவை மட்டுமே.

செப்டம்பர் பதினான்காம் தேதி முதல் அச்சு உடைந்தது. அடிமுதல் வாய்வரை நேர்கோடாக ஒரு விரிசல். ஹாபோ தாளில் குறித்தார். எப்போதாவது ஒன்று உடைவது உண்டு. இருபத்துமூன்றாம் தேதி இரண்டாவது. அக்டோபர் ஐந்து, பன்னிரண்டு, இருபத்தொன்று. இம்கே மெழுகை மறுபடி செதுக்க வேண்டியிருந்தது.

"ஹாபோ, நான் என்ன உங்களுக்கு மெழுகுவத்தி செஞ்சா தர்றேன், எரிச்சு எரிச்சுத் தள்ளுறீங்க?" என்றாள் ஐந்தாவது தடவை. அவளுடைய கேலியில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

ஹாபோ பொடிச் சிப்பத்தை மாற்றினார். உடைந்தது. திரவத்தைப் புதிதாக வாங்கினார். உலையின் வெப்பமானியைக் கழற்றி வேறொன்றோடு ஒப்பிட்டார். நான்கு டிகிரிதான் வித்தியாசம். மெழுகைச் சுவரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கூடத் தள்ளி நிறுத்தினார். உடைந்தது. அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை, ஐந்து பற்கள் சேர்ந்த பாலம் ஒன்று உடைந்தது. மறுநாள் அதைப் பொருத்திக்கொள்ள வேண்டிய பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மகன் திருமணம்.

வெள்ளிக்கிழமை முதலாளி மெனோ முற்றத்தைக் கடந்து வந்தான். பழைய முதலாளியின் மகன், முப்பத்தாறு வயது, இந்தப் பின்கட்டின் மணல் தொட்டியில் விளையாடி வளர்ந்தவன். கதவருகே நின்று கையைப் பிசைந்தான்.

"உக்காரு" என்றார் ஹாபோ.

"இல்ல, நிக்கிறேன். ஹாபோ, அந்தம்மா மகன் கல்யாணத்துல வாயை மூடிட்டே நிக்கப் போறாங்க. மருத்துவர் போன்ல கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். முப்பத்தி மூணு அச்சுல ஆறு."

"முப்பத்தி மூணுதான். சரியா எண்ணியிருக்க."

"உங்க தாளைப் பாத்துத்தான் எண்ணினேன்." மெனோ தரையைப் பார்த்தான். "ஏழாவது உடைஞ்சா வார்ப்பை வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். நீங்க முன்னால வந்து ஜிப்சம் வேலையைப் பாருங்க. சம்பளம் அதேதான். அங்க ஆளுங்க இருக்காங்க, உங்களுக்கும் பேச்சுத்துணையா இருக்கும்."

முன்கட்டில் எட்டுப் பேரோடு உட்கார்ந்தால் தனக்குப் பேச்சுத்துணை கிடைக்காது என்பது ஹாபோவுக்குத் தெரியும். பின்கட்டைப் பூட்டினால் செவ்வாயும் இல்லை, வியாழனும் இல்லை. அவர் நினைத்தது அதை மட்டும்தான். வார்ப்பு வேலை போவது இரண்டாவதாகத்தான் மனதில் வந்தது. அப்படி வந்ததே அவருக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் முப்பத்துமூன்று தாள்களையும் பரப்பினார். உடைந்த ஆறைத் தனியே எடுத்து வைத்தார். பொடி வேறு வேறு. சூடு வேறு வேறு. காற்றழுத்தம்கூட ஒத்துவரவில்லை. மதியம்வரை பார்த்தார். பிறகு, எழுத்தைப் பார்க்காமல் தாளின் தலையில் இருந்த தேதியை மட்டும் பார்த்தார். செவ்வாய், வியாழன், செவ்வாய், செவ்வாய், வியாழன், வியாழன். திங்கள், புதன், வெள்ளியில் ஒன்றுகூட உடைந்ததில்லை.

செவ்வாயிலும் வியாழனிலும் என்ன வித்தியாசம் என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அப்போதுதான் அந்த ஒரு பத்தியைப் பார்த்தார். 'உலைக்குள் வைத்த நிமிடம்.' முப்பத்துமூன்று தாளிலும் இருபது, இருபது, இருபது. மற்ற எல்லாப் பத்திகளையும் அந்தந்த நேரத்தில் அளந்து எழுதுபவர், இந்த ஒன்றை மட்டும் திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் சேர்த்து எழுதிவிடுவார். அது இருபதைத் தவிர வேறாக இருந்ததே இல்லை. பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்? மூன்று வருடமாக அளக்காமல் எழுதிய ஒரே எண் அதுதான்.

மணி அடித்தது அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு தடவையும் அடித்தது. தாலேயாவின் இரண்டாவது கோப்பை பாதியில் இருக்கும். விருந்தாளி மூன்றாவதைக் குடிக்காமல் இருக்கும்போது வீட்டுக்காரன் எழுந்து போவதா? அதற்குத் தேநீரை அவள் மடியில் கொட்டிவிடலாம். ஒரு மிடறு நேரம்தான், ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்றுதான் நினைத்தார். எத்தனை நிமிடம் என்று பார்த்ததில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி பார்த்தார். அன்று இம்கேயின் மெழுகுக்குப் பழைய பொடியைக் குழைத்து ஊற்றி இரவு உலைக்கு ஒதுக்கிவிட்டு, மெழுகில்லாத வெறும் அச்சு ஒன்றைச் சீக்கிரப் பொடியில் வார்த்தார். தாலேயா வந்தாள், மூன்று கோப்பை குடித்தாள், கரண்டியைக் கோப்பைக்குள் போட்டு 'போதும்' என்று காட்டினாள், போனாள். ஹாபோ அச்சை உலைக்குள் வைத்தபோது முப்பத்துநான்காவது நிமிடம். ஒன்பது நிமிடம் கழித்து உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். முட்டை ஓடு போல இரண்டாகப் பிளந்து கிடந்தது.

தீர்வு எளிது. மணி அடித்ததும் 'ரெண்டு நிமிஷம், இதோ வந்துர்றேன்' என்று சொல்லி எழ வேண்டும். புதன்கிழமை முழுவதும் ஹாபோ அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். வியாழன் அன்று மெழுகு வரவில்லை. அச்சும் இல்லை, மணியும் இல்லை. நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். ஆனால் தாலேயா வரும்போதே முகம் வாடியிருந்தாள்.

"பிரேமன்ல இருந்து மக போன் பண்ணினா. கிறிஸ்மஸுக்கு வரலையாம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மலைக்குப் போறாங்களாம், பனிச்சறுக்கு. எங்க ஊர்ல சறுக்கணும்னா ஆத்துமேட்டுலேருந்து ஆட்டுப் புழுக்கையில சறுக்கலாம்னு சொன்னேன். அவ சிரிக்கல."

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க."

"நீங்களும் சிரிக்கலையே."

"நான் சிரிக்கிற ஆள் இல்ல."

"அது தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவள் அன்று நான்காவது கோப்பையும் குடித்தாள். இந்த நேரத்தில் 'உங்களோட தேத்தண்ணி குடிச்சா அச்சு உடையுது' என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாததை அன்று மாலை எழுதினார். புதிய தர விதிகளின்படி ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். காரணம், நடவடிக்கை, கையெழுத்து. ஹாபோ இப்படி எழுதினார்: 'காரணம்: அச்சு உலைக்குள் 14 நிமிடம் தாமதமாக வைக்கப்பட்டது. தாமதத்துக்குக் காரணம்: தேநீர், மூன்றாவது கோப்பை. உடனிருந்தவர்: தா. பொப்பிங்கா. நடவடிக்கை: கோப்பைகளுக்கு இடையே அச்சை உலைக்குள் வைத்தல்.' உடனிருந்தவர் என்ற கட்டம் அச்சிட்ட தாளிலேயே இருந்தது. அதைக் காலியாக விட அவருக்குக் கை வரவில்லை.

பழுதுத் தாள்களை வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் படிப்பார்கள் என்பதும் விதிதான். வண்டி ஓட்டுபவர்களும் வந்து நிற்பார்கள். மெனோ படித்தான். 'மூன்றாவது கோப்பை' என்று வந்ததும் அவன் குரல் தடுக்கியது. இம்கேதான் முதலில் சிரித்தாள்.

"ஆறு அச்சு உடைச்சது பொடியும் இல்ல, உலையும் இல்ல. டிட்ஸும் ஊர் அம்மா. தாலேயா, நீங்க அந்தப் பக்கமா நடந்து போனா என் பீங்கானும் வெடிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. பல வாரங்களாக இருந்த கவலை தீர்ந்த சிரிப்பு அது. தாலேயாவும் சிரித்தாள். "அப்போ என் சம்பளத்துல பிடிச்சுக்கோ மெனோ" என்றாள். ஆனால் ஹாபோ நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை. அவள் கழுத்து சிவந்திருந்ததை ஹாபோ பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்தாள். "மோய்ன்" என்றாள். ஒரு கோப்பை குடித்தாள். கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள்.

"இன்னும் ரெண்டு இருக்கே" என்றார் ஹாபோ.

"உங்களுக்கு வேலை இருக்கு." கடிகாரத்தில் மூன்று மணி ஏழு நிமிடம். எழுந்துகொண்டாள்.

'ரெண்டு நிமிஷம், இதோ வந்துர்றேன்' என்ற வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் எழுந்து போகிறவளிடம் அதைச் சொல்ல முடியாது. வியாழக்கிழமை அவள் பின்கட்டுக்கு வரவில்லை. முற்றத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து சுடுநீர்க் குடுவையிலிருந்து எதையோ ஊற்றிக் குடித்தாள். ஜன்னல் வழியே ஹாபோவுக்குத் தெரிந்தது. போய்க் கூப்பிடலாம். பதினான்கு மீட்டர்தான். மணி அடித்தது. அவர் எழுந்து போய் அச்சை உலைக்குள் வைத்தார். இருபது நிமிடம், சரியாக.

அதன்பின் ஒரு அச்சும் உடையவில்லை. மெனோ வந்து தோளைத் தட்டினான். "இனி வார்ப்பு எங்கயும் போகாது. கண்டுபிடிச்சுட்டீங்களே ஹாபோ. நான் இன்னும் அந்தத் தாளை எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சுட்டு இருக்கேன்."

"சொல்லாதே" என்றார் ஹாபோ.

மெனோ அவரைப் பார்த்தான். "சரி" என்றான்.

நவம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்குப் போய் விளக்கைப் போடுவார், மானியைப் பார்ப்பார், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவார். சனியும் ஞாயிறும் ஒரு சொல்லும் பேசாமல் கழிந்தன. திங்கட்கிழமை காலை இம்கேயிடம் "மோய்ன்" என்றபோது குரல் வராமல் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது தடவை சொன்னார். இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. முன்பு அது கண்ணில் படவில்லை.

அந்தத் தாள் அவரை உறுத்தியது. யார் சிரித்தார்கள் என்பது வேறு விஷயம். அதில் ஒரு எண்ணும் தப்பில்லை. பதினான்கு நிமிடம் சரி, கோப்பை சரி, பெயர் சரி. ஆனாலும் தாள் தப்பு. மரியாதைக்காக உட்கார்ந்திருந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது பொய். தபால்காரர் எதிரே உட்கார்ந்திருந்தால் மணி அடித்ததும் எழுந்திருப்பார். எழ மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். அதைத் தாளில் எழுதாமல் அவள் பெயரை எழுதியிருக்கிறார்.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை மதியம், கோப்பிலிருந்து தாளை எடுத்தார். விதிப்படி, பழைய எழுத்து படிக்கும்படி இருக்க ஒற்றைக் கோட்டால் மட்டுமே அடிக்க வேண்டும். அடித்தார். கீழே எழுதினார்: 'திருத்தம். காரணம்: மணி அடித்தது. வார்ப்பவருக்குக் கேட்டது. எழுந்திருக்க விரும்பவில்லை. உடனிருந்தவருக்கு இதில் பங்கில்லை.' தேதி, கையெழுத்து.

அன்று மூன்று மணிக்கு அச்சு இல்லாதபடி பார்த்துக்கொண்டார். முற்றத்தில் வண்டி வந்து நின்றதும் தாளோடு போய் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். தாலேயா கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, மறுபடி உடைஞ்சுதா? நான் இன்னைக்கு வண்டியை விட்டு இறங்கவே இல்ல."

"இதைப் படிங்க."

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. தாளில் இரண்டு துளி விழுந்தது. அவள் கையால் மறைத்துக்கொண்டு கடைசிவரை படித்தாள்.

"நீங்க எதையும் வாயால சொல்லவே மாட்டீங்களா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"கடைசி வரி தப்பு" என்றாள் தாலேயா.

"எது?"

"எனக்குப் பங்கில்லைன்னு எழுதியிருக்கீங்களே, அது. மணி எனக்கும் கேட்டுச்சு ஹாபோ. நான் என்ன செவிடா? முதல் தடவையே நீங்க உலை இருக்கிற பக்கம் பாத்தீங்க, அப்புறம் கோப்பையைப் பாத்தீங்க. போய்ட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பீங்க. நான் சொல்லல. ஒவ்வொரு தடவையும் சொல்லல." தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "உடையிறது இதனாலதான்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ. இம்கே சிரிச்சப்போ எனக்குக் கோபம் அவ மேல இல்ல. உண்மையைக் கண்டுபிடிச்சுட்டாங்களேன்னுதான்."

ஹாபோ மழையில் நின்றார். தொப்பியைப் பின்கட்டிலேயே விட்டு வந்திருந்தார்.

"அப்போ செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். "மணி அடிச்சா எந்திரிச்சுப் போவேன். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. திரும்பி வந்துடுவேன்."

தாலேயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "போன வாரமே மெனோகிட்ட பாதையை மாத்திக் கேட்டுட்டேன். டிசம்பர்லேருந்து கடலோரப் பக்கம் எனக்கு. இங்க புதன்கிழமை காலையில மட்டும், ஏழரைக்கு. உங்க பக்கம் அந்தப் புதுப் பையன் கார்ஸ்டன் வருவான். எழுத்துல போயாச்சு, இனி மாத்தினா அவனுக்குக் குழந்தையைப் பள்ளியில விடுற நேரம் இடிக்கும்."

"ஏழரைக்குத் தேத்தண்ணி கிடையாது."

"கிடையாது. பதினோரு மணிக்கு முன்னால யாரு குடிப்பா?"

ஹாபோ தாளை மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அவள், "நனையாதீங்க, உள்ள போங்க" என்றாள்.

டிசம்பர் முதல் வாரம் கார்ஸ்டன் வந்தான். வண்டியின் இன்ஜினை நிறுத்தாமலே பெட்டியை வைத்துவிட்டுப் போனான். செவ்வாய் மூன்று மணிக்கு ஹாபோ இரண்டு கோப்பை குடித்தார், எழுந்து போனார், வந்து மூன்றாவதைக் குடித்தார். 'உலைக்குள் வைத்த நிமிடம்' பத்தியை இப்போது கடிகாரத்தைப் பார்த்துத்தான் நிரப்புகிறார். பத்தொன்பதரை, இருபது, இருபது.

தாலேயாவின் கடைசி வரித் திருத்தத்தை அவர் தாளில் சேர்க்கவில்லை. அது அவள் எழுத வேண்டியது என்று விட்டுவிட்டார்.

டிசம்பர் எட்டாம் தேதி, புதன்கிழமை, ஏழு மணி இருபத்தாறு நிமிடத்துக்கு முற்றத்தில் வண்டி விளக்கு தெரிந்தது. விடியவில்லை. ஹாபோ அன்று அரை மணி முன்னதாகவே வந்திருந்தார். முன்கட்டுக் கதவுக்குப் போகவேண்டிய பெட்டியை அவரே போய் வாங்கிக்கொண்டார். வண்டிக் கதவில் கை வைத்து நின்றார். அவள் எட்டு மணிக்குள் அடுத்த ஊரில் இருக்க வேண்டும். பாலத்தை எட்டேகாலுக்குத் தூக்கிவிடுவார்கள்.

"நேத்து எவ்வளவு மழை?"

"ஆறு புள்ளி ரெண்டு."

"ம்" என்றாள் தாலேயா. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த வாரம் எத்தனை உடைஞ்சுது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணாவது உடைஞ்சிருக்கலாம்" என்று சொல்லி, வண்டியைப் பின்னோக்கி எடுத்தாள்.

விளக்கு மதில்மேல் திரும்பித் தெருவுக்குப் போகும்வரை ஹாபோ பெட்டியோடு நின்றார். பிறகு அதை முன்கட்டு வாசலில் வைத்துவிட்டு, உலையை மூட்டப் பின்கட்டுக்கு நடந்தார். அடுத்த புதன்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது.